வெயில் ஆண்டு ரெட் வைன் வயதானால் என்ன ஆகும்? 2003, 2008, 2009 பாட்டில்கள்: குடிக்கவா, வைக்கவா?

செங்காங் கோப்பை கேட்டது:

வணக்கம். வீட்டில் மூன்று வகை ரெட் வைன் இருக்கிறது. மூன்றுமே வெயில் கொளுத்திய ஆண்டுகள்.

2003 ஷாத்தோநெஃப்-டு-பாப் (தென் பிரான்ஸ்), பெரும்பாலும் கிரெனாஷ் திராட்சை, லேபிளில் ஆல்கஹால் 14.5%, மிச்சம் ஒரே பாட்டில்.
2008 பரோசா (தென் ஆஸ்திரேலியா) ஷிராஸ் திராட்சை, 15%, திருகு மூடி, மூன்று பாட்டில்.
2009 மெதோக் (பிரான்ஸின் போர்தோ வட்டாரம்), பாதிக்கு மேல் கபெர்னே சோவின்யோன், 13.5%, ஆறு பாட்டில்.

2003-இன் இன்னொரு பாட்டிலைப் போன வாரம் திறந்ததில் பேரீச்சை, உலர்ந்த அத்திப்பழ வாசனை. கிளாஸ் ஓரத்தில் செங்கல் நிறம். முதல் வாய் இனிப்பு, விழுங்கியதும் நாக்கு வறண்டு தொண்டையில் காந்தல். கார்க் கெட்டியாகத்தான் இருந்தது. வைன் மட்டமும் கழுத்துக்குச் சற்றுக் கீழேதான்.

இது வயதா, அந்த ஆண்டின் குணமா, சேமிப்பில் கெட்டதா? வெயில் ஆண்டு வைன் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்கிறார்கள். டானின் (வாயைத் துவர்க்க வைக்கும் பொருள்) நிறைய இருப்பதால் வெகுநாள் தாங்கும் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது? இன்னொன்று: வைன் ஃபிரிட்ஜ் பாம் ஷெல்டருக்குள் (சிங்கப்பூர் வீடுகளில் உள்ள கான்கிரீட் பாதுகாப்பு அறை) இருக்கிறது. 14 டிகிரியில் வைத்தும் பிற்பகலில் 17 காட்டுகிறது.

---

நிலவறை எழுதியது:

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. வெயில் ஆண்டு என்று ஒரே பெயரில் சொன்னாலும், உங்களிடம் இருப்பது மூன்று விதமான வெயில்.

2003-இல் ஐரோப்பாவில் அடித்தது அனல் அலை. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் திராட்சைக்கொடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். கொடி வேலையை நிறுத்தினாலும் பழத்திலிருந்து நீர் வற்றுவது நிற்காது. அந்த ஆகஸ்டில் பல தோட்டங்களில் சர்க்கரை ஏறியது பழம் வற்றியதால்தான். தோலும் விதையும் அந்த வேகத்துக்கு முதிரவில்லை. செங்காயாக இருக்கும்போதே வெயிலில் வாடிய நாவற்பழத்தைத் தின்று பாருங்கள்: நுனி நாக்கில் இனிப்பு, மென்றால் வாயெல்லாம் துவர்ப்பு. உங்கள் 2003 கிளாஸில் இருந்தது அதுதான்.

2009 போர்தோ வேறு கதை. வறண்ட, வெயில் நிறைந்த கோடைதான், ஆனால் கொடி மயங்கிப்போகும் அனல் இல்லை. செப்டம்பரில் பகல் வெதுவெதுப்பு, இரவு குளிர்ச்சி. தோலும் விதையும் சர்க்கரையோடு சேர்ந்தே பழுத்தன.

2008 பரோசாவை அறுவடை நாளை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அந்த மார்ச்சில் பரோசாவுக்கு அருகிலுள்ள அடிலெய்டில் தொடர்ந்து 15 நாள் 35 டிகிரியும் அதற்கு மேலும் அடித்தது. அதற்கு முன் பறித்தவர்களின் வைன் கட்டுக்கோப்பாக இருக்கும். நடுவில் மாட்டியவர்களுடையதில் உலர்திராட்சை வாசனை தூக்கலாக இருக்கும். தயாரிப்பாளரின் பக்கத்தில் அறுவடைக் குறிப்பு இருந்தால் முதலில் அதைத் தேடுங்கள்.

இனி, பாட்டிலுக்குள் எது போகும், எது நிற்கும் என்று பார்க்கலாம். எனக்கு இதுதான் முழுக் கணக்குக்கும் அடிப்படை.

ஆல்கஹால் வயதாவதே இல்லை. 15% என்று அடைத்தால் 20 ஆண்டு கழித்தும் 15%தான். புளிப்பும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். தேய்ந்துபோவது பழ வாசனை. உருமாறுவது டானினும் நிறமும். இளம் வயதில் கொழுத்த பழச்சுவை ஆல்கஹாலின் சூட்டையும் டானினின் வறட்சியையும் போர்த்தி வைத்திருக்கும். போர்வை நைந்தால் உள்ளே இருப்பது வெளியே தெரியும். தொண்டைக் காந்தல் புதிதாக வந்ததில்லை, முதல் நாளிலிருந்தே அந்தப் பாட்டிலில் இருந்ததுதான்.

'டானின் நிறைய, ஆகவே நீண்ட ஆயுள்' என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டானின் மிருதுவாக வேண்டுமானால் தோலின் நிறமிகளோடு, அதாவது ஆந்தோசயனினோடு, அது பின்னிக்கொள்ள வேண்டும். அப்படிப் பின்னியவை நிலையான நிறமாகும், கொஞ்சம் மண்டியாக அடியில் இறங்கும், வாயில் துவர்ப்பு தணியும். ஆனால் கடும் வெப்பத்தில் கொடி ஆந்தோசயனினைக் குறைவாகத்தான் உண்டாக்கும், உண்டானதும் சிதையும். டானின் மிகுந்து நிறமி குறைந்த வைனில் பின்னுவதற்கு ஜோடி போதாது. அங்கே வறட்சி அப்படியே நின்றுவிடும். அதில் இன்னும் பத்து ஆண்டு காத்திருந்தால் வறட்சி போகாது, பழம்தான் போகும். கிரெனாஷுக்கு இயல்பிலேயே நிறமி குறைவு, காற்றுபட்டால் சீக்கிரம் பழுப்பேறும். அதனால்தான் 2003 கிரெனாஷ் பலவும் முந்திக்கொண்டு மூப்படைந்தன.

அடுத்தது பிஎச், அதாவது புளிப்பின் அளவுகோல்; எண் ஏறினால் புளிப்பின் வலு குறைவு. வெயிலில் பழம் தன் மாலிக் அமிலத்தையே எரித்துச் சுவாசிக்கும். வற்றிய பழத்தில் பொட்டாசியமும் செறிவாகும். இரண்டும் சேர்ந்து பிஎச்-ஐ உயர்த்தும். சாதாரண ஆண்டில் 3.5 என்றால் இங்கே 3.8-ஐ எட்டும். 0.3 தானே என்று தோன்றும். ஆனால் வைன் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபர் டைஆக்ஸைடில் கிருமியை அடக்குவது அதன் மூலக்கூறு வடிவம் மட்டும்தான். பிஎச் 3.5-இல் தனித்திருக்கும் சல்ஃபரில் சுமார் 2% அந்த வடிவில் இருக்கும். 3.8-இல் சுமார் 1%தான். லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் காவல் வேண்டுமானால், 3.5-இல் 30 மில்லிகிராம் போட்டால் போதும், 3.8-இல் 60 போட வேண்டும். போடாமல் விட்ட இடத்தில் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் நுழையும். குதிரைச் சேணம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் மாதிரி வாசனை வந்தால் அதன் வேலைதான். நெயில் பாலிஷ் நெடி வந்தால் அசிட்டிக் அமிலமும் அதன் எஸ்டரும். சர்க்கரை மிகுந்த சாறில் நொதித்தல் பாதியில் நின்று கொஞ்சம் சர்க்கரை மிஞ்சியிருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

அந்த ஆண்டுக் கடுமையால் 2003-இல் பிரான்ஸில் புளிப்பு சேர்க்க விதிவிலக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது வழக்கமான வேலை. நொதிக்கும் முன் சேர்த்தால் வைனோடு கலந்துவிடும். கடைசியில் சேர்த்ததாக இருந்தால், பழம் தேய்ந்த பிறகு எலுமிச்சை பிழிந்த மாதிரி தனித்து நிற்கும். பரோசா பாட்டிலில் அதைக் கவனியுங்கள்.

என் முடிவு: 2003-ஐ இந்த மாதமே குடித்துவிடுங்கள். 2009-இல் ஒன்றை இப்போது திறந்து பாருங்கள். நல்ல சரளை மேட்டு மெதோக் என்றால் இன்னும் பல ஆண்டு நன்றாக இருக்கும், சாதாரண மெதோக் என்றால் உச்சத்தைத் தொட்டாயிற்று. 2008 இரண்டுக்கும் நடுவில்.

2003 முழுவதையும் ஒதுக்கிவிடவும் கூடாது. அதே போர்தோவில் வடக்கே சான்-எஸ்தெஃப், பொய்யாக் பக்கம் அடியில் களிமண் நீரைத் தேக்கி வைத்தது, தாமதமாகப் பழுக்கும் கபெர்னே தாங்கிக்கொண்டது. அங்கிருந்து வந்த சிறந்த 2003 பாட்டில்கள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. சீக்கிரம் பழுக்கும் மெர்லோ திராட்சை, வறண்ட சரளையில் நின்றதுதான் அதிகம் அடிவாங்கியது.

---

தேக்கா கார்க் எழுதியது:

நிலவறை சொன்னதெல்லாம் சரி. ஆனா ஒரு கேள்வி பாக்கி நிக்குது: இது தோட்டத்து வெயிலா, நம்ம ஊர் வெயிலா? இரண்டும் மூக்குக்கு ஒரே மாதிரிதான் வரும். பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு.

கார்க்கை எடுத்ததும் தூக்கிப் போடாதீங்க. வெளிச்சத்துல வச்சு பக்கவாட்டைப் பாருங்க. அடிப்பக்கம் மட்டும் ஊதா, மேலே சுத்தமா இருந்தா நல்ல கார்க். பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கோடு அடியிலிருந்து நுனிவரை ஓடியிருந்தா, பாட்டில் ஒருமுறையாவது சூடாகி வைன் கார்க்கைத் தாண்டி வந்திருக்கு. காரணம் எளிது. 15 டிகிரியிலிருந்து 30-க்குப் போனால் 750 மில்லி வைன் சுமார் 3 மில்லி விரியும். கார்க்குக்கு அடியில் இருக்கிற காலியிடமே ஏறக்குறைய 4 மில்லிதான். அந்த இடம் நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறி வைன் ஓரமா கசியும். திரும்பக் குளிரும்போது அதே வழியா காற்று உள்ளே போகும். ஃபாயில் மூடியை விரலால் சுத்திப் பாருங்க. சுத்தலைன்னா உள்ளே கசிஞ்சு ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. கார்க் கண்ணாடி விளிம்புக்கு மேலே துருத்தியிருந்தா சந்தேகமே வேண்டாம்.

வாசனையிலும் வித்தியாசம் உண்டு. தோட்டத்து வெயில்னா பேரீச்சை, அத்தி, உலர்திராட்சை, ஆனா அடியில் ஏதோ ஒரு உயிர்ப்பு இருக்கும்: மிளகு, காய்ந்த மூலிகை, தோல். சேமிப்பில் வெந்ததுன்னா எல்லாப் பழமும் ஒரே பாகாய் கொதிச்ச மாதிரி, குலா மெலாக்கா (பனைவெல்லம் மாதிரி ஒரு வெல்லம்) காய்ச்சுற சட்டி மாதிரி ஒரே நெடி. காற்று புகுந்ததுன்னா கருப்புக் கிச்சாப் (சோயா சாஸ்), அடிபட்ட ஆப்பிள். அதே பெட்டியில் வந்த பாட்டில்கள் எல்லாமே ஒரே மாதிரி இருந்தா ஆண்டின் குணம். ஒண்ணு நல்லா, ஒண்ணு மோசமா இருந்தா சேமிப்புதான். உங்க கார்க் கெட்டியா இருந்ததையும் வைன் மட்டத்தையும் வச்சுப் பார்த்தா, அது ஆண்டின் குணம்னுதான் எனக்குத் தோணுது.

இப்போ பாம் ஷெல்டர். அங்கேதான் உங்க பிரச்சினை. ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியேதான் தள்ளும். தடிச்ச கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் மூடியிருந்தா அந்தச் சூடு எங்கேயும் போகாது. சுவர் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். பிற்பகலில் 17 காட்டுறது அதனாலதான். முதலில் கதவைத் திறந்து வச்சு இரண்டு நாள் பாருங்க. ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் பக்கத்திலும் 5 முதல் 10 செண்டிமீட்டர் இடம் விடுங்க. பின்பக்கத் தூசியைத் துடைங்க. அதுக்கும் இறங்கலைன்னா எந்த வகை ஃபிரிட்ஜ்னு பாருங்க. கம்ப்ரசர் இல்லாத தெர்மோஎலெக்ட்ரிக் வகை, அறை வெப்பத்திலிருந்து ஒரு அளவுக்குக் கீழேதான் இறக்கும். குளிர்நாட்டுச் சாப்பாட்டு அறைக்குச் சரி, 31 டிகிரி ஸ்டோர்ரூமுக்குப் போதாது. சிங்கப்பூரில் கம்ப்ரசர் வகையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷெல்டர் சுவரில் காற்றுக்காக ஓட்டை போடுற எண்ணம் இருந்தா விட்டுடுங்க, விதி இடம் கொடுக்காது. ஹாலுக்கு மாத்துறதே நல்லது.

14-க்கும் 17-க்கும் நடுவே மெதுவா ஏறி இறங்குறதால உடனே ஒண்ணும் கெட்டுப்போகாது. 28-இல் ஆடாமல் அசையாமல் இருக்கிறதுதான் ரொம்ப மோசம். 10 டிகிரி கூடினா வேதிவினை சுமாரா இரண்டு மடங்கு வேகமாகும்னு சொல்றது பொதுக்கணக்கு. ஆனா எல்லா வினையும் ஒரே அளவில் வேகமாகாது. அலமாரியில் ஒரு வருஷம் வச்சா நிலவறையில் மூணு வருஷம் வச்ச பக்குவம் வரும்னு நினைச்சுடாதீங்க. வெந்த வாசனை முந்திக்கும், பக்குவம் பின்தங்கும். அதிலும் வெயில் ஆண்டு வைனுக்குக் காவல் ஏற்கெனவே பாதி, மேலே சொன்ன பிஎச் கணக்குப்படி. ஆகவே மத்த பாட்டிலை விட இதுக்குத்தான் ஃபிரிட்ஜில் முதல் இடம் கொடுக்கணும்.

வாங்குறவங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. இங்கே கலால் வரி ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 13% பாட்டிலுக்கு 8.58 வெள்ளி, 15% பாட்டிலுக்கு 9.90. அதுக்கு மேலே 9% ஜிஎஸ்டி. வெயில் ஆண்டுக்கு வரியும் கூடுதல்தான்.

---

மண்டி எழுதியது:

திறக்கும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் வயதான வெயில் ஆண்டு வைனை இங்கே பரிமாறுவதில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள்.

பரிமாறுவதற்கு இரண்டு நாள் முன்பே ஃபிரிட்ஜுக்குள் செங்குத்தாக நிறுத்துங்கள். மண்டி அடியில் இறங்கட்டும். 20 வயது கார்க்குக்குச் சுருள் திறப்பான் வேண்டாம், உடைந்து உள்ளே விழும். இரண்டு தகடு உள்ள திறப்பானைக் கார்க்கின் இருபுறமும் ஆட்டி ஆட்டி இறக்கி, முறுக்கியபடி மேலே இழுங்கள். நீளத் தகட்டை முதலில் இறக்கினால் கார்க் உள்ளே தள்ளப்படாது.

முதலில் 30 மில்லி மட்டும் ஊற்றி முகருங்கள். டிகேண்டரில் (வைனை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) ஊற்றுவதா என்ற முடிவு அதற்குப் பிறகு. 2003 கிரெனாஷை மண்டியிலிருந்து பிரிக்க மட்டும் டிகேண்டரில் ஊற்றி உடனே குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் காற்றில் விட்டால் மிச்சமிருக்கும் பழமும் போய்விடும். 2009 கபெர்னேக்கு ஒரு மணி நேரம் நல்லது. ஊற்றும்போது பாட்டில் கழுத்துக்குப் பின்னால் கைபேசி வெளிச்சத்தை வையுங்கள். முதலில் தெளிந்த மாதுளை நிறம் ஓடும். பிறகு புகை மாதிரி ஒரு மெல்லிய இழை கழுத்தை நோக்கி வரும். அந்த நொடியில் நிறுத்துங்கள். மிச்சம் 30, 40 மில்லிதான் போகும்.

வெப்பம் முக்கியம். 'அறை வெப்பத்தில் ரெட் வைன்' என்ற சொல் நம் 30 டிகிரி அறைக்குச் சொன்னதில்லை. 15% வைன் 22 டிகிரியைத் தாண்டினால் மூக்கில் ஆல்கஹால்தான் ஏறும், பழம் கேட்காது. 15 டிகிரியில் ஊற்றுங்கள், கிளாஸில் தானே 17, 18-க்கு வரும். ஒரு தடவைக்கு 75 மில்லிக்கு மேல் வேண்டாம். பாட்டில் வெளியே இருந்து சூடாகிவிட்டால், ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்த வாளியில் 10 நிமிடம் வைத்தால் போதும். வெறும் ஐஸில் வைத்தால் நேரம் பிடிக்கும்.

இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அறிய ஒரு சோதனை. பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சின்னப் பாட்டிலில் வழிய நிரப்பி மூடாதீர்கள், அதே பாட்டிலில் பாதி காற்றோடு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் பழம் நிமிர்ந்து நின்றால் மற்ற பாட்டில்களுக்கு இன்னும் ஆண்டுகள் உண்டு. கிச்சாப் வாசனை வந்தால் மீதியை இந்த ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள்.

---

செங்காங் கோப்பை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கதவைத் திறந்து வைத்ததும் 15-க்கு இறங்கிவிட்டது. ஃபிரிட்ஜை ஹாலுக்கு மாற்றப் போகிறேன். 2008 பரோசாவில் ஒன்றைத் திறந்தேன். திருகியதும் தீக்குச்சி எரிந்த வாசனை, கொஞ்சம் அவித்த முட்டை. நிறம் மட்டும் ஆச்சரியமாக, ஓரம் வரை கருஞ்சிவப்பு. கெட்டுவிட்டதா? இன்னொன்று, ஆட்டுக்கறியோடு குடிக்கலாமா?

---

நிலவறை எழுதியது:

கெடவில்லை. திருகு மூடிக்கு உள்ளே இருக்கும் உறை காற்றை மிகக் குறைவாகத்தான் விடும். அதனால் கந்தகச் சேர்மங்கள் தேங்கி நிற்கும். டிகேண்டரில் வேகமாக ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள், இரண்டு தடவை மாற்றி ஊற்றினாலும் சரி. தீக்குச்சி வாசனை போய்விடும். முட்டை வாசனை மட்டும் பிடிவாதமாக நின்றால் கிளாஸில் சுத்தமான செம்புக்காசு ஒன்றைப் போட்டு ஒரு சுழற்று சுழற்றிப் பாருங்கள். செம்பு அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். வாசனை மாறினால் காரணம் உறுதி. அந்தக் கிளாஸைக் குடிக்க வேண்டாம், சோதனைக்கு மட்டும்.

நிறம் அப்படி நிற்பதும் மூடியால்தான். அதே வைன் கார்க்கில் இருந்திருந்தால் இதற்குள் ஓரம் செங்கலாகியிருக்கும். ஆகவே உங்கள் மூன்றில் 2008-ஐ நான் முன்பு சொன்னதை விட ஒரு படி மேலே வைக்கிறேன். இன்னும் இரண்டு பாட்டில் இருக்கிறதல்லவா, ஒன்றை மூன்று ஆண்டு கழித்துத் திறக்கலாம்.

ஆட்டுக்கறிக்குப் பொருத்தம் உண்டு, மிளகாய்க்குத்தான் இல்லை. 15% ஆல்கஹால் மிளகாய்க் காரத்தைக் கூட்டிக் காட்டும், டானினும் அதோடு சேர்ந்து வாயை வறட்டும். மிளகாய்த்தூளைக் குறைத்து மிளகு, சோம்பு, வெங்காயம் தூக்கலாகப் போட்ட சுக்கா செய்யுங்கள். ஷிராஸில் மிளகு வாசனை தரும் ரோட்டண்டோன் என்ற சேர்மம்தான் மிளகிலும் இருக்கிறது. பரோசா மாதிரி வெயில் இடங்களில் அது குறைவாகத்தான் இருக்கும், ஆகவே மிளகைக் கறியிலிருந்து வரவிடுங்கள்.